பத்து அடிக்கும் கார்டு

அவங்க பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. மறந்தும் போகல, பயமும் இல்ல. அவங்க கார்டை வைக்காம அவங்க பேரை நான் ஓர் இடத்துல போட்டேன்னு தெரிஞ்சா, இப்ப பெங்களூர்ல தன் பொண்ணு வீட்ல இருக்கிற அவங்க அடுத்த ரயிலைப் புடிச்சு வந்து என் காதைத் திருகிட்டுப் போவாங்க. அதனால அக்கான்னே சொல்றேன். கேஜிஎஃப்ல, அதான் கோலார் தங்கவயல்ல, அந்த வருஷங்கள்ல கம்பெனி வண்டி ஓட்டினவங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க, கார்டு அக்கான்னா போதும், சிரிச்சுக்கினே நாலு கதை சொல்வாங்க.

எந்த கார்டுன்னு முதல்ல சொல்லிடறேன். ஹைவே பக்கம் இருக்கிற ஒரு கம்பெனிக்கு எங்க ஊர்லேர்ந்து ஷிஃப்டுக்குப் போற பொண்ணுங்களை ஏத்திக்கினு போய் இறக்கறது எங்க வேலை. டெம்போ டிராவலர் வண்டிங்க. ஒவ்வொரு வண்டியிலயும் ஸ்டியரிங் பக்கத்துல சோப்பு டப்பா சைஸ்ல ஒரு மிஷின் வெச்சிருப்பாங்க. டிரைவர் ஏறி உக்காந்ததும் தன் கார்டை அது மேல வைக்கணும். சிவப்பு லைட் பச்சையாகும், ரெண்டு தடவை பீப் அடிக்கும். அதுக்கப்புறம் அந்த வண்டி எப்படி ஓடினாலும் அந்த கார்டுக்காரர் பேர்ல ஏறும். வேகமாப் போனது, அடிச்சு பிரேக் போட்டது, ஒடிச்சுத் திருப்பினது எல்லாம். வேற வண்டிக்கு மாறினா இங்க ஒரு தடவை வெச்சு இறங்கணும், அங்க ஒரு தடவை வெச்சு ஏறணும். வைக்காட்டியும் வண்டி கிளம்பும். ஆனா கடைசியா கார்டு வெச்சவர் பேர்லயே ஓடிக்கினு இருக்கும். வம்பு அங்க தான்.

ஒரு ட்ரிப்ல தப்பு பண்ணா ஒரு சிவப்பு. மாசக் கடைசியில எல்லார் கணக்கையும் ஒரு ஷீட்ல அடிச்சு ஷெட் சுவத்துல ஒட்டுவாங்க. ஒரு வருஷத்துல மூணு சிவப்பு வாங்கினா கார்டை பிளாக் பண்ணிட்டு, போய் வாப்பான்னு அனுப்பிடுவாங்க. அக்கா பேருக்கு எதிர்ல வருஷக்கணக்கா முட்டை தான். அந்த முட்டையை நாங்க கேலி பண்ணாத நாள் கிடையாது.

ஆளு குள்ளம். சீட்ல ஒரு குஷன் போட்டு, அது மேல ஒரு போர்வையை நாலா மடிச்சுப் போட்டு உக்காந்தா தான் ரோடு கண்ணுக்குத் தெரியும். சுடிதார் மேல காக்கிச் சட்டை. வீட்டுக்காரர் எங்க ஊர் ஆண்டர்சன்பேட்டையில டெய்லர். யாரோ தைக்கக் குடுத்த பேன்ட்ல மிச்சமான துணியில கார்டுக்குன்னு ஒரு பை தைச்சு, பிரஸ் பட்டன் வெச்சுக் குடுத்திருந்தாரு. அதைக் கழுத்துல மாட்டி சட்டைக்குள்ள விட்டுக்குவாங்க. கார்டு போட்டோவுல ஒரு கண்ணு பாதி மூடியிருக்கும். மாத்திக்கச் சொன்னா, கண்ணு மூடிக்கினு இருக்கிறதும் நான் தானேப்பான்னு சொல்வாங்க.

வண்டியில ஏறினா பட்டனைப் பிரிக்கிற சத்தம் கேக்கும். கார்டை வெச்சு, ரெண்டு பீப்பும் வர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டாங்க. வந்ததும், பக்கத்துல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும், "ஏறியாச்சு"ன்னு ஒரு வார்த்தை. இறங்கும்போது "இறங்கியாச்சு". ஷெட்ல இதை எல்லாரும் நடிச்சுக் காட்டுவோம். கண்ணைப் பாதி மூடிக்கினு நடிக்கிறதுல நான் தான் கெட்டிக்காரன். ஒரு நாள் அவங்க பின்னாடி நின்னது தெரியாம நடிச்சேன். முழுசாப் பார்த்துட்டு, "கைய சீக்கிரம் எடுத்துட்ட தம்பி, ரெண்டாவது பீப் வரல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஒரு தடவை சூப்பர்வைசர், கழுவுற இடத்துல நின்ன ஒரு வண்டியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தச் சொன்னாரு. மிஞ்சிப் போனா பத்து அடி. அக்கா தன் வண்டியில கார்டை வெச்சு இறங்கி, நடந்து போய், அந்த வண்டியில கார்டை வெச்சு, பத்து அடி ஓட்டி, திரும்ப வெச்சு இறங்கி, தன் வண்டிக்கு வந்து மறுபடியும் வெச்சாங்க. நாங்க சிரிச்ச சிரிப்புல டீ கிளாஸ் ஒண்ணு உடைஞ்சே போச்சு. பத்து அடிக்கு இன்னாத்துக்குக்கா கார்டுன்னு கேட்டேன். "பத்தாவது அடியில ஒரு கோழி மாட்டிக்கிச்சுன்னு வையி. யாரு ஓட்டினதுன்னு கோழி கேக்காது. கோழிக்காரன் கேப்பான்"ன்னாங்க. அன்னிக்கு அந்த ஷெட்ல கோழியே இல்ல.

தனக்கு வர்ற நல்ல பேர்லயும் இதே கறார் தான். வண்டியில ஒரு பொண்ணு விட்டுட்டுப் போன தாலிச் செயினைத் திருப்பிக் குடுத்தாங்கன்னு, கம்பெனி ஆளுங்க ஒரு விழாவுல அக்காவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. மைக்கை வாங்கி, கண்டெடுத்தது வண்டி கழுவுற அம்மா, நான் ஆபீஸ்ல குடுத்தது மட்டும் தான், அந்த அம்மாவைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டாங்க. அவசர அவசரமா அந்த அம்மாவை ஈரக் கையோட இட்டுக்கினு வந்தாங்க. சால்வையை வாங்கிக்கினு அது அழுதுச்சு. அக்கா பின் வரிசையில உக்காந்து சாதாரணமா பிஸ்கட் தின்னுக்கினு இருந்தாங்க. நான் அன்னிக்கு, இவங்களுக்குக் கொஞ்சம் திமிர் தான்னு நெனச்சேன்.

இப்ப என் லட்சணத்தைச் சொல்றேன். எங்க டிரைவருங்களுக்குள்ள ஒரு பழக்கம் இருந்துச்சு. பங்காரப்பேட்டை ரயில்வே கேட் கிட்ட ஒரு டீக்கடை. எனக்குக் கேஜிஎஃப்ல வீடு, ஆனா சில நாள் என் வண்டி பங்காரப்பேட்டையில நிக்கணும்னு போட்டுடுவாங்க. அங்க வீடு இருக்கிறவனுக்குக் கேஜிஎஃப்ல நிக்கிற வண்டி விழும். ரெண்டு பேரும் டீக்கடையில சாவியை மாத்திக்குவோம், அவனவன் வீட்டுக்கு சீக்கிரம் போய்ச் சேருவோம். சாவி மாறும், கார்டு மாறாது. கார்டை வண்டியிலயே கண்ணாடி மேல சொருகி வெச்சிருப்போம், அதை எடுத்து இறங்கி ஏறி வைக்கறதுக்கு யாருக்குப் பொறுமை. பக்கத்து ஊர், ஒரே சர்ச், அவன் அத்தை வீடு எங்க மைன்ஸ் லைன் வீட்டு வரிசையில மூணாவது வீடு, நமக்குள்ள இன்னாத்துக்குக் கணக்குன்னு ஒரு நெனப்பு. அக்கா மட்டும் சாவி மாத்த மாட்டாங்க. எவ்வளவு லேட்டானாலும் போட்ட இடத்துல வண்டியை நிறுத்திட்டு பஸ் புடிச்சு வீட்டுக்குப் போவாங்க.

எனக்கு முதல் சிவப்பு நானே வாங்கினது, அதுல யாரையும் குறை சொல்ல முடியாது. ரெண்டாவது, டீக்கடையில சாவி மாத்தினதால வந்தது. என் கார்டு இருந்த வண்டியை அவன் ஓட்டிக்கினு போய், எங்கயோ மாடு குறுக்க வந்ததுக்கு அடிச்சு பிரேக் போட்டிருக்கான். ஷீட்ல என் பேர். நான் ஓட்டலன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லப் போனா, அப்ப உன் கார்டு எப்படி அங்க இருந்துச்சுன்னு கேப்பாரு. ரெண்டு பேருக்கும் சேர்த்து வேட்டு. வாயை மூடிக்கினு வாங்கிக்கினேன்.

மூணாவது வந்துட்டா இன்னா ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்த வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி நாலு வருஷம் விடியறதுக்கு முன்னாடி ரயில்ல பெங்களூர் போய் ஒரு ஆபீஸ்ல செக்யூரிட்டி வேலை பார்த்தவன் நான். எங்க ஊர்ல பாதிப் பேர் பொழப்பு இன்னிக்கும் அந்த ரயில்ல தான். நிக்க இடம் இருக்காது, தூங்கிக்கினே நிப்போம். அப்பல்லாம் என் பொண்ணு நான் கண்ணு முழிச்சிருக்கிறதைப் பார்க்கறது ஞாயித்துக்கிழமை மட்டும் தான். ஒரு தடவை வார நாள்ல லீவு போட்டு வீட்ல இருந்தேன், அது அவங்க அம்மாவைப் பார்த்து, அப்பா ஏன் வந்துகீறாருன்னு கேட்டுச்சு. வண்டி வேலை வந்தப்புறம் தான் அதை ஸ்கூல்ல கொண்டு போய் விடறேன், ராத்திரி சேர்ந்து சாப்பிடறேன். மூணாவது வந்தா மறுபடியும் அந்த ரயில் தான்.

ரெண்டாவது சிவப்பு ஷீட்டுல வந்த அன்னிக்கு ஷெட் ஓரத்துல முகத்தைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. திட்டுவாங்கன்னு பார்த்தா, திட்டல. அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னாங்க.

அவங்க அப்பா எங்க ஊர் தங்கச் சுரங்கத்துல, மைசூர் மைன்ஸ்ங்கற குழியில வேலை பார்த்தவரு. உள்ள இறங்கும்போது ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் குடுப்பாங்க, நம்பர் போட்டது. மேல வந்ததும் திருப்பிக் குடுக்கணும். எந்த நம்பர் திரும்பலையோ அந்த ஆளு இன்னும் உள்ள இருக்கான்னு அர்த்தம். ஒரு நாள் அவரும் இன்னொருத்தரும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டாங்க. ஷிஃப்ட் மாத்தினாங்க, டோக்கன் மாத்தல. அந்த ஆளு அக்கா அப்பாவோட டோக்கன்லயே கேஜ்ங்கற சுரங்க லிஃப்ட்ல இறங்கிட்டாரு. உள்ள பாறை வெடிச்சுது. திரும்பாத நம்பருக்கு யார் பேர் இருந்துச்சோ அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினாங்க. இவங்க வீட்ல எல்லாரும் விழுந்து புரண்டு அழுதாங்க. அப்பா எங்கயோ மார்க்கெட்டுக்குப் போனவரு சைக்கிள்ல வந்து இறங்கினாரு, கையில காய்ப் பையோட.

அப்புறம் சந்தோஷம் தாங்கல, லைன் முழுக்கக் கூடிட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க. சொல்லிட்டு, தரையைப் பார்த்துக்கினு ஒரு விஷயம் சொன்னாங்க. "அந்த சந்தோஷத்துல இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. அந்தம்மா சாப்பாட்டை மூடி வெச்சிக்கினு காத்துக்கினு இருந்துச்சு. எங்கம்மா தான் போய்ச் சொன்னாங்க. நானும் கூடப் போனேன்."

எழுந்து போய் என் வண்டிக் கண்ணாடி மேல சொருகியிருந்த கார்டை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கினேன். திருந்திட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு வாரம் ஒழுங்கா வெச்சேன், அப்புறம் பழைய குருடி தான். சாவி மாத்தறதை மட்டும் விட்டேன்.

அந்த வருஷம் தான் கம்பெனிக்குப் பெரிய பஸ் வரப் போகுதுன்னு பேச்சு அடிபட்டுச்சு. அதை ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேணும், அந்த வருஷம் ஒரு சிவப்பு கூட இருக்கக் கூடாது. அக்கா ஹெவி லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தாங்க. லாரி ஸ்டியரிங்ல தொங்கிக்கினு பழகினாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பாரு. எதுக்கும் ஆசைப்படாதவங்க, அந்த பஸ்ஸுக்கு மட்டும் ஆசைப்பட்டாங்க. எங்க ஷெட்ல பெரிய பஸ் ஓட்டின பொம்பளை அதுவரைக்கும் கிடையாது. பஸ் வந்தா டெய்லர் கையால புதுக் காக்கிச் சட்டை, கை வெச்சு, காலர் வெச்சுன்னு அளவெல்லாம் எடுத்தாச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள அது அவங்களுக்குக் கிடைக்கணும்னு தான் இருந்துச்சு. வெளியில காட்டிக்கல.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. முதல் ஷிஃப்ட் விட்டு ரெண்டு வண்டியா திரும்பிக்கினு இருந்தோம், முன்னாடி அக்கா, பின்னாடி நான். கோலாரைத் தாண்டி பங்காரப்பேட்டை ரோட்ல கொஞ்ச தூரம் வந்திருப்போம், என் வண்டியில ஷீலான்னு ஒரு பொண்ணு, ஆண்டர்சன்பேட்டைப் பொண்ணு, அதுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. இழுப்பு இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், கையில எப்பவும் வாயில அடிச்சுக்கற மருந்து வெச்சிருக்கும். அன்னிக்கு அது காலி. அடிச்சு அடிச்சுப் பார்க்குது, காத்து தான் வருது. கண்ணாடியில பார்த்தேன், உதடு நீலம் பாய்ஞ்சுடுச்சு. ஒரு பொண்ணு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுது, வர்றதுக்கு நேரமாகும்ங்கறாங்க. ஹாரன் அடிச்சு அக்காவை நிறுத்தினேன். பெரிய ஆஸ்பத்திரி கோலார்ல, நாங்க தாண்டி வந்த பக்கம்.

அக்கா அங்க கார்டை வெச்சு இறங்கி, ஓடி வந்து எட்டிப் பார்த்தாங்க. ஷீலாவை சீட்ல படுக்க வெச்சு ரெண்டு பொண்ணுங்க புடிச்சிக்கினு இருந்துச்சுங்க. நான் வண்டியைத் திருப்பறதுக்கு கியர் மேல கை வெச்சுட்டேன். அக்கா என் பக்கக் கதவைத் திறந்தாங்க.

"இறங்கு தம்பி. நான் ஓட்றேன்."

நானே ஓட்றேன்க்கான்னு சொன்னேன். எனக்கு அந்த ரோடு தலைகீழாத் தெரியும், அவங்களை விட என் கை வேகம். அது ஷெட்ல எல்லாருக்கும் தெரியும்.

"இறங்கு. உன் கார்டை வெச்சுட்டு இறங்கு. போய் என் வண்டியில வை."

வண்டி நெறைய பொண்ணுங்க பார்த்துக்கினு இருக்குதுங்க. அத்தனை பேர் முன்னாடி, நீ லாயக்கில்லன்னு சொன்ன மாதிரி எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. சண்டை போட நேரமில்ல. கார்டை எடுத்து மிஷின் மேல அடிக்காத குறையா வெச்சேன், இறங்கினேன். மத்தப் பொண்ணுங்களும் இறங்கி அக்கா வண்டிக்கு ஓடிச்சுங்க. அக்கா ஏறினாங்க. குஷன் கிடையாது, போர்வை கிடையாது, சீட் நுனியில உக்காந்தாங்க.

ஏறினதும் கிளம்ப வேண்டியது தானே. சட்டைக்குள்ளேர்ந்து பையை எடுத்து, பட்டனைப் பிரிச்சு, கார்டை வெச்சாங்க. அந்த இடத்துல மிஷினுக்கு சிக்னல் சரியாக் கிடைக்காது. சிவப்பு மாறல. உள்ள அந்தப் பொண்ணு மூச்சுக்குத் தவிக்குது, இவங்க மிஷின் மேல கார்டைப் புடிச்சிக்கினு உக்காந்திருக்காங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எனக்குள்ள எண்ணிக்கினு இருந்தேன். ஆறுல நான் கத்திட்டேன். கெட்ட வார்த்தையும் வந்துடுச்சு. அவங்க திரும்பிக் கூடப் பார்க்கல. பச்சை வந்துச்சு, ரெண்டு பீப். "ஏறியாச்சு"ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வண்டி ரோட்டுல திரும்பின வேகத்துல தூசி என் மூஞ்சி மேல விழுந்துச்சு. அந்த அம்மா அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்ல. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வளைவு தாண்டிப் போயிட்டாங்க.

ஷீலா பொழைச்சுக்கிச்சு. சரியான நேரத்துல கொண்டு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னதா கூடப் போன பொண்ணுங்க சொல்லிச்சுங்க. எனக்கு நிம்மதி தான். ஆனா கோவம் போகல. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல பார்த்தவன்கிட்ட எல்லாம் இதையே சொல்லித் திரிஞ்சேன். உசுரு போற நேரத்துல கார்டு வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்கப்பான்னு கண்ணைப் பாதி மூடி நடிச்சும் காட்டினேன். சிரிச்சாங்க. இப்ப நெனச்சா அந்த மார்க்கெட்ல என் கால் படற இடமெல்லாம் கூசுது.

திங்கக்கிழமை சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. அவர் மேசை மேல என் வண்டி நம்பரோட ஒரு பேப்பர். எடுத்த எடுப்புல என்னைப் பார்த்து, வெள்ளிக்கிழமை உன் வண்டி போன வேகத்தைப் பார்த்தியா, ரோடு நெடுக வேகம், ஏழெட்டு இடத்துல பிரேக், இது உனக்கு மூணாவதுப்பா, நான் இன்னா பண்ணட்டும்னு கேட்டாரு. எனக்குக் காதுல ரயில் சத்தம் தான் கேட்டுச்சு. அப்ப அக்கா, "பேரைப் பாருங்க சார்"ன்னு சொன்னாங்க.

அவரு பேப்பரைத் திருப்பி, கம்ப்யூட்டரைத் தட்டி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கினு பார்த்தாரு. அப்புறம் கன்னடத்துல, இது நீங்களாம்மான்னு மெதுவாக் கேட்டாரு.

"நான் தான் சார். வண்டி தம்பிது, ஓட்டினது நான்."

அப்ப தான் எனக்கு உறைச்சுது. அந்த ஆறு எண்ணிக்கையும் எனக்குப் புரிஞ்சுது. அவங்க கார்டு வைக்காமக் கிளம்பியிருந்தா அந்த ஓட்டம் முழுக்க என் பேர்ல ஏறியிருக்கும். நான் ஓட்டியிருந்தாலும் என் பேர். எப்படிப் பார்த்தாலும் செவ்வாய்க்கிழமை நான் அந்த ரயில்ல நின்னுக்கினு தூங்கியிருப்பேன்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பி ரத்து பண்ணப் பார்க்கறேன்னு சொன்னாரு. அக்கா எழுதினாங்க. ரெண்டே வரி. ஷீலாவுக்கு மூச்சு இழுத்தது, அதனால வேகமா ஓட்டினேன், ஓட்டினது நான். எழுதி கையெழுத்துப் போட்டாங்க. ரத்தும் ஆகல ஒண்ணும் ஆகல. இப்படின்னா ஆம்புலன்ஸுக்குத் தான் சொல்லணும், டிரைவர் வேகமாப் போகக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. அந்த வருஷத்துப் பெரிய பஸ் வேற ஒருத்தருக்குப் போச்சு. டெய்லர் வெட்டி வெச்ச காக்கித் துணி அப்படியே கடை அலமாரியில இருந்துச்சு.

அன்னிக்கு ஆபீஸை விட்டு வெளிய வந்ததும் அவங்க பின்னாடியே ஓடினேன். மார்க்கெட்ல பேசினதை முதல்ல சொல்லிடணும்னு இருந்துச்சு. சொன்னேன். தெரியும்னாங்க. எனக்காகப் பண்ணீங்களாக்கான்னு கேட்டேன். நின்னு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"உன்ன காப்பாத்தணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? ரெண்டு சிவப்பு மனசுல வெச்சிக்கினு கீறவன் கால் ஆக்சிலேட்டர்ல முழுசாப் போவாது தம்பி. கொஞ்சம் தூக்கும். எனக்கு ஒண்ணியும் இல்ல, என் கால் போவும். இத்தினி வருஷம் முட்டை வாங்கி வெச்சிக்கினு கீறேனே, பின்ன எதுக்கு?"

சொல்லிட்டு, ட்ரிப்புக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. நான் அங்கயே நின்னேன். அழுகை வந்துச்சு, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அழுதேன். வண்டி கழுவுற அம்மா பைப்பை நிறுத்திட்டு, இன்னாப்பா ஆச்சுன்னு கேட்டுச்சு. சும்மா சும்மான்னு சொல்லிட்டு போய் மூஞ்சி கழுவிக்கினேன்.

அடுத்த வருஷம் ரெண்டாவது பெரிய பஸ் வந்துச்சு, அது அக்காவுக்குத் தான் வந்துச்சு. புதுக் காக்கிச் சட்டையில, குஷன் மேல குஷன் போட்டு, ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்ட் திருப்பத்துல அவங்க அந்த பஸ்ஸை ஒரே ஒடிப்புல திருப்பினதை வேலையை விட்டுட்டு நின்னு பார்த்தோம். முன் சீட்ல ஷீலா. என் அக்கா அதுன்னு பக்கத்துல நின்ன பழக்கடைக்காரன்கிட்ட சொன்னேன். அவனுக்கு அவங்க யாருன்னே தெரியாது, எனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன்.

ஆனா என் மனசுல அக்கான்னா நிக்கறது பஸ் ஓட்டின நாள் இல்ல. அந்த வெள்ளிக்கிழமை வந்த மாசத்தோட கடைசி நாள்.

ஷீட் ஒட்டியிருந்தாங்க. எல்லாரும் சுத்தி நிக்கறோம், வழக்கமா இருக்கிற கேலி இல்ல. என் பேருக்கு எதிர்ல அந்த மாசம் முட்டை. அவங்க பேருக்கு எதிர்ல, வருஷக்கணக்கா முட்டையே இருந்த இடத்துல, ஒரு சிவப்புக் கட்டம். அந்த ஒரு வரி மட்டும் கண்ணைப் பறிச்சுது. அக்கா வர்றாங்கன்னு தெரிஞ்சு ஒவ்வொருத்தரா விலகினாங்க. எனக்குத் தான் நகர முடியல. அவங்க மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கினு, விரலை வெச்சு வரி வரியா இறங்கி, தன் பேர்ல நிறுத்தினாங்க. வேகம் எவ்வளவு, எத்தனை தடவை பிரேக்னு எல்லாத்தையும் உதட்டை அசைச்சுப் படிச்சாங்க.

அப்புறம் தன் போனை எடுத்து என்கிட்ட நீட்டி, இதை ஒரு போட்டோ எடு தம்பி, பொண்ணுக்கு அனுப்பணும்னாங்க.

நான் அவங்க மூஞ்சியைப் பார்த்தேன். விளையாடல. இத்தனை வருஷம் முட்டை வாங்கினப்ப ஒரு தடவை கூட எடுக்கலையேக்கா, இதைப் போய் எடுக்கச் சொல்றீங்களேன்னு கேட்டேன்.

"முட்டை யாரு வேணா வாங்கலாம், மெதுவாப் போனா சரி. இது நான் ஓட்டினதுடா."

எடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டாவது தடவையும் எடுத்தேன். போனைத் திருப்பி வாங்காம, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கினே கேட்டாங்க.

"பேரு நல்லா விழுந்துகீதா பாரு."

விரலால பெருசு பண்ணிப் பார்த்தேன். சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்துல, ஒரு எழுத்து கூட விடாம, முழுப் பேரும் விழுந்திருந்துச்சு.